அப்பாரு துப்பாக்கி விஷயமாக, கண்ணுக்கு

கோட்டூர்
ஆடி 3 (19.7.2025)

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அம்மாவும் நலம். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது, மட்டை விழுந்து மாட்டுச்சாலை ஓடு நாலு உடைந்துபோனது. தேங்காய் விலையை நீ பேப்பரில் பார்த்திருப்பாய். விலை இருக்கிறது, மரத்தில் காய்தான் இல்லை. வேர் வாடல் வடக்குத் தோப்பு வரைக்கும் வந்தாயிற்று. அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன வாரம் இராத்திரி 2.40க்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்துதான் பார்த்தேன். "அப்பாரு துப்பாக்கியத் திருப்பி வாங்கணும்பா, இப்ப யாருகிட்ட இருக்கு?" கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. மறுநாள் எடுத்து, "சும்மா கேட்டேன்பா" என்று வைத்துவிட்டாய். போனில் நீ சும்மா என்பாய், நானும் சரி என்பேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பகலில் படி.

உன் தாத்தாவின் அந்தத் துப்பாக்கியை என்னிடம் வாங்கின உடுமலைக்காரர் தை மாதம் தவறிவிட்டார். லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியை வீட்டில் சும்மா வைத்துக்கொண்டு தாமதிக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தில் 21ஆம் பிரிவு அது. அவர் மகன்கள் கோயம்புத்தூரில் ஒரு கடையில் டெபாசிட் செய்து ரசீது வைத்திருக்கிறார்கள். குறித்த காலத்துக்குள் யார் பெயருக்கும் போகாமல் கிடந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். மகன்களுக்கு அதில் ஆசை இல்லை, விலையில்தான் ஆசை. நான் 2017ல் 45,000க்குக் கொடுத்ததை 1,20,000 சொல்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். தனி ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களோடு நின்றுபோனது. உள்நாட்டில் கிடக்கிற இங்கிலீஷ் துப்பாக்கிதான் கை மாறிக்கொண்டிருக்கிறது.

நீ பணம் அனுப்பாதே. லைசென்ஸ் முன்னால், துப்பாக்கி பின்னால். லைசென்ஸ் இல்லாமல் அதை உடுமலையிலிருந்து பெரியபட்டி வரைக்கும் காரில் வைத்துக் கொண்டுபோனாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 வருஷத்துக்குக் குறையாத ஜெயில், 5 வருஷம் வரைக்கும் போகும். அப்பாரு மாரியம்மன் சாட்டுக்கு வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வைப்பாரே, அதுவும் இப்போது ஆகாது. விழாவில், கல்யாணத்தில் அடுத்தவருக்கு ஆபத்தாகச் சுட்டால் 2 வருஷம் அல்லது 1 லட்சம் அபராதம், இல்லை இரண்டுமே.

உன் பெயரில் எடுப்பது என்றால் சென்னையில் கமிஷனர் ஆபீஸில் மனுப் போட வேண்டும். வயது 21 ஆனால் போதும். நம்முடையது டி.பி.பி.எல்., அதாவது பின்பக்கம் தோட்டா போடுகிற இரட்டைக்குழல். உள்ளே வரிப்பள்ளம் இல்லாத மென்குழல் சாதி, குழல் 30 அங்குலம். 20 அங்குலத்துக்குக் குறையாத மென்குழல் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஏழாவது மாடி பிளாட்டில் இருந்துகொண்டு எதிலிருந்து தற்காப்பு என்று கேட்பார்கள், நீ பதில் சொல்ல வேண்டும். பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும், பயிற்சிச் சான்று வேண்டும். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நீ என்ன சொல்வாய்? பாப்பாவை ஈரோட்டிலேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டதாகச் சம்பந்தி வாயால்தான் நான் கேட்டேன். நீ சொல்லவில்லை. சொல்லாததற்கு நான் கோபப்படவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

டாக்டர் சர்டிபிகேட்டும் கட்டாயம். 2016 விதிகள் வந்த பிறகு உடம்புக்கு மட்டுமில்லை, மனசுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். குடி, போதைப் பழக்கம் இல்லை என்றும் எழுத வேண்டும். தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்காதே. தெரியாத டாக்டரிடம் போ, எதிரில் உட்கார். தூக்கம் எப்படி என்று கேட்பார். உள்ளதைச் சொல். அதனால் லைசென்ஸ் தள்ளிப்போனால் போகட்டும். துப்பாக்கி எண்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் இருக்கும். நீ டாக்டரிடம் போ. இதற்காக என்றே போ.

எனக்கு இன்னொரு யோசனை தோன்றுகிறது. நான் என் பெயரில் மனுப் போடுகிறேன், இங்கே கலெக்டர் ஆபீஸில். தோப்பு இருக்கிறது, தோட்டத்து வீடு ஒற்றை வீடாக இருக்கிறது, காரணம் சொல்ல முடியும். பயிர்ப் பாதுகாப்பு என்று மட்டும் எழுதினால் சட்டம் முதலில் கை காட்டுவது வாய்ப்பக்கம் மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று காரணம் காட்டினால்தான் வேறு மென்குழல் தருவார்கள். அதைத் தெரியாமல் எழுதி மனுத் தள்ளுபடியானவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அதே மாதிரி, பன்றியைச் சுடத்தான் என்று யாராவது எழுதச் சொன்னால் கேட்காதே. பன்றியைச் சுடுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. இந்த வருஷம் வந்த உத்தரவில்கூடக் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி வனத்துறைதான் சுடலாம்.

எனக்கு 68. லைசென்ஸ்காரனுக்கு 70 ஆகிவிட்டால், இல்லை 25 வருஷம் கையில் வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயரைச் சொல்லி மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம். ஆக இன்னும் 2 வருஷம். அதுவரைக்கும் துப்பாக்கி இங்கே இருக்கட்டும், நீ வந்து பார்த்துக்கொள். 2 வருஷம் கழித்து உனக்கு அப்போதும் வேண்டுமென்றால் தடை சொல்ல மாட்டேன். அவசரப்படாதே என்றுதான் சொல்கிறேன், கிடையாது என்று சொல்லவில்லை.

கடையில் போய்ப் பார்ப்பதை மட்டும் சேர்ந்து செய்யலாம். பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். எதைப் பார்ப்பது என்று எழுதுகிறேன், ஆறாவது படிக்கும்போதே குழலைக் கழற்றி மாட்டியவன் நீ, மறந்திருக்காது.

முதலில் நம்பர். குழலின் அடித் தட்டிலும், அடிக்கட்டை இரும்பிலும், விசைக்காப்பின் வாலிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். உனக்கு அது மனப்பாடம். ஒன்று மாறியிருந்தாலும் யாரோ வேறு குழலைப் பொருத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அதே அடித் தட்டில் பர்மிங்காம் சோதனை முத்திரை, 2½ அங்குலம் என்று தோட்டா அறையின் நீளம், 1⅛ அவுன்ஸ் என்று ஈயக்குண்டின் எடை எல்லாம் இருக்கும். அந்த 2½ முக்கியம். அது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டிய அறை. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. அது உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், மூடியும் மூடிக்கொள்ளும், அதனால்தான் ஆபத்து. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறிவிடும். உடுமலைக்காரர் எதைப் போட்டாரோ. யாராவது அறையைக் கடைந்து நீட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

அடுத்தது ஆட்டம். அடிக்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடி, கட்டையைப் பிடித்து மெதுவாகக் குலுக்கு. கையில் டக் டக் என்று தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மூடிய குழலுக்கும் பின்முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. மேல் லீவர் மூடும்போது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமே நிற்க வேண்டும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் குழலைப் பூட்டுகிற கிரீனர் குறுக்குக் கம்பியும் தேய்ந்தாயிற்று. சில நேரம் அந்தக் கம்பித் துளையில் அழுக்கு அடைத்தும் லீவர் சரியாக வராது, அதைக் குச்சியால் குடைந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

பிறகு சத்தம். குழலை மட்டும் கழற்றி, அடிக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டு. கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். கரகரவென்று வந்தால் இரண்டு குழலுக்கும் நடுவிலுள்ள பட்டை ஈயப்பற்று விட்டிருக்கிறது, உள்ளே துரு ஓடியிருக்கும். குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பு. நிழல் வட்டம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே ஒடுக்கு. கறுப்புப் புள்ளி துருக்குழி. அறைக்கு முன்னால் இருக்கிற குழிதான் மோசம், வாய்ப்பக்கம் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால் சந்தோஷப்படாதே, குழல் சுவர் மெலிந்திருக்கும். புதுசாகக் கறுப்பு ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார். வேண்டாம். சூடான காரத்தில் முக்கி எடுக்கிற கறுப்பு, ஈயப்பற்றைத் தின்றுவிடும். பட்டை கழன்று வரும்.

வெறுமனே விசையைத் தட்டிப் பார்க்காதே, ஊசி உடைந்துபோகும். போலித் தோட்டா இரண்டு கடையிலேயே இருக்கும், அதைப் போட்டு முன் விசை வலக்குழல், பின் விசை இடக்குழல் என்று ஒவ்வொன்றாகப் பார். இடப்பக்கத்துக் காப்புக் கட்டை (சேஃப்டி) இரண்டு நிலையிலும் கெட்டியாக நிற்கிறதா என்றும் பார். கட்டை கழுத்தில் முடி மாதிரி விரிசல், எண்ணெய் குடித்துக் கறுத்த மரம் இரண்டும் இருந்தால் விலையில் பேச இடம் உண்டு. தோல் உறையிலேயே போட்டு வைத்திருந்தால் மழைக்காலத்து ஈரம் அத்தனையும் தோல் குடித்து இரும்புக்குக் கொடுத்திருக்கும். அப்பாரு தேங்காயெண்ணெய் பூசுவார், அது காய்ந்து பிசினாகிவிடும். அவருக்கு அது ஒன்றுதான் தெரியாது.

விலை ஒத்துவந்தால் நம்பர் எழுதி, எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்ட காகிதம் வாங்க வேண்டும். ஒரு மகன் கையெழுத்தை வைத்துக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடாதே. பணம் அனுப்பாதே என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு நீ போனை வைக்கும் முன்னால், "என் கல்யாணத்துக்காகத்தானே வித்தீங்க, அதுவே இப்ப..." என்று நிறுத்திவிட்டாய். ஒரு வாரமாக அதுதான் காதில் இருக்கிறது.

உன் கல்யாணத்துக்காக நான் அதை விற்கவில்லை. 45,000 அந்தக் கல்யாணத்தில் பந்தலுக்கே காணாது. 2017ல் போர்வெல் மூன்றும் வற்றி, கிழக்குத் தோப்பில் 200 மரம் மொட்டையாக நின்றது உனக்குத் தெரியும். நான் எப்படி இருந்தேன் என்பது தெரியாது. துப்பாக்கி பீரோவில் இருந்தவரை எனக்கு இராத்திரி தூக்கம் வரவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை, நீயே புரிந்துகொள். ஒரு நாள் தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் இல்லை. அம்மா ராகிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் டெபாசிட் செய்து ரசீது வாங்கினேன். ஆள் பெயர் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, 45 நாள் கழித்துத்தான் கைமாற்றலாம். அந்த 45 நாளும் அது வீட்டில் இல்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் 8 மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சர்க்கரை மாத்திரை என்று உன்னிடம் சொன்னது அதுதான். எனக்குச் சர்க்கரை கிடையாது.

அப்பாரு துப்பாக்கியை விற்றவன் என்று ஊரில் சொன்னபோது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. கல்யாணச் செலவு என்று உன் தலையில் கட்டினேனே, அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேள். நேரில் கேள். அந்த டாக்டர் இன்னும் அதே இடத்தில்தான் பார்க்கிறார், சாயங்காலம் 5க்கு மேல். நானும் கூட வருகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. நீயும் காட்டாதே.

வெள்ளிக்கிழமை இராத்திரி பழனி வழியாக வருகிற பாலக்காடு வண்டியில் ஏறு. சனிக்கிழமை கோயம்புத்தூர் போய்க் கடையில் பார்த்துவிட்டு வரலாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ 4, ஆதார் நகல் எடுத்துக்கொண்டு வா. அது கையில் இல்லாவிட்டாலும் வா. ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறு. எந்நேரமானாலும் போன் செய், 2.40க்கும் எடுப்பேன், இப்போதெல்லாம் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். பொள்ளாச்சியில் இறங்கும்போது வண்டியோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா