ஓட்டுக்குப் பணம்: வழக்கை நடத்துவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாக்கு மோசடி வழக்குகளையும் அவற்றை நடத்தும் அரசு வழக்கறிஞர்களின் கட்சிச் சார்பையும் பற்றிய விவாதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அங்கே 2006-இல் அதிபர் புஷ்ஷின் அரசால் பதவி நீக்கப்பட்ட அரசு வழக்கறிஞர்களுள் ஒருவரான டேவிட் இக்லேசியாஸ், வாக்கு மோசடி வழக்குகளை முடுக்கவில்லை என்று சொந்தக் கட்சிக்காரர்களாலேயே புகார் கூறப்பட்டவர்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது அயல்நாட்டுச் சங்கதி அன்று. 2016 மே 16-இல் தமிழகம் வாக்களித்தபோது, பணப் பட்டுவாடா புகாரால் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் தேர்தல் தள்ளிப்போய், பின்னர் அறிவிக்கையே ரத்தாகி, நவம்பர் 19-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. குறுவைக்குத் தண்ணீர் கிடைக்காமல், சம்பாவுக்காவது மேட்டூர் திறக்குமா என்று காத்திருந்த அந்த ஆறு மாதமும் சட்டமன்றத்தில் எங்களுக்கென்று ஒருவர் இல்லை.

தேர்தலை நிறுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பணம் கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றும் வேலையோ மாநிலக் காவல்துறையையும் அரசு வழக்கறிஞரையும் சேர்ந்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு உச்ச தண்டனையே ஓராண்டு. அதையும் குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவின்றிக் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய இயலாது. மாவட்ட அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர்களை நியமிப்பது மாநில அரசு. எந்தக் கட்சி வந்தாலும் அந்த நாற்காலிகளில் ஆள் மாறுவதை நீதிமன்ற வாசல் டீக்கடையில் உட்கார்ந்தே பார்க்கலாம். நடுவர் நீதிமன்றங்களின் உதவி அரசு வழக்கறிஞர்கள் தேர்வாணையம் வழியே வருகிறவர்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆயினும் வழக்கைத் திரும்பப் பெற அரசு முடிவெடுத்தால், மனுவோடு நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெறக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வாக்காளர் பட்டியலும் கவருமாகத் தெருவுக்குள் வருபவர் எம்.எல்.ஏ. அல்லர், வட்டச் செயலாளரோ, அவர் அனுப்பிய பையனோதான். அவர்கள் மீதான வழக்கைத் திரும்பப் பெற விசாரணை நீதிமன்றத்தின் இசைவே போதும்.

ஆகவே, குற்றஞ்சாட்டப்பட்டவர் யாராயினும் எல்லாத் தேர்தல் குற்ற வழக்குகளுக்கும் அந்த நிபந்தனையை விரிவுபடுத்த வேண்டும். அவற்றை நடத்தும் வழக்கறிஞரை உயர் நீதிமன்ற ஒப்புதலோடு, ஆட்சி மாறினாலும் அசைக்க முடியாத குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்க வேண்டும். பொய்ப் புகாரில் சிக்கவைக்கப்படும் எதிர்க்கட்சிக்காரருக்கும் அதுவே பாதுகாப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கரந்தை, தஞ்சாவூர்.