பையர் மீட்டிங்குக்கு முன்னாடி அம்மிணிக்கு

அம்மிணி,

நேத்து போன்ல முழுசா பேச முடியல. நீ பிரசன்டேஷன், ரேட் ஷீட், சாம்பிள்னு அடுக்கிட்டே போன, எல்லாம் ரெடி பண்ணி வச்சது நல்லதுதான் சாமி, ஆனா நம்மகிட்ட பனியன் வாங்க வர்ற பையர், அந்த ஜெர்மன்காரங்க வந்து உக்காந்ததும் எங்ககிட்ட இத்தன மெஷின் இருக்குது, இந்த சர்டிஃபிகேட் இருக்குதுன்னு ஆரம்பிச்சராத. அதையெல்லாம் பாத்துட்டுத்தான் பெங்களூருக்கே வர்றாங்க. இந்தத் திருப்பூர்ல நான் பாத்த வரைக்கும் ஆர்டர் கெட்டுப்போனதுல முக்காவாசி, கேக்க வேண்டியத கேக்காம விட்டதாலதான்.

டெக் பேக்குல, அதான் அவங்க தர்ற டிசைன் விவரப் பேப்பர்ல, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி (மெல்லிசான பனியன் துணி), சுருக்கம் 5 பர்சென்ட்டுக்குள்ளன்னு போட்டிருப்பாங்க. அங்க கடைல வாங்குறவங்க வீட்ல அத எப்படித் துவைக்கறாங்கன்னு கேளு. கொடில காயப்போடுறதுக்கும் டிரையர்ல போட்டு எடுக்குறதுக்கும் பனியன் துணி சுருங்குறது ரொம்ப வித்தியாசப்படும், முன்னாடியே தெரிஞ்சா துணிய முன்கூட்டியே சுருக்கி வைக்கிற காம்பேக்டிங்ல சொல்லி வச்சுரலாம், ரேட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி போடலாம்.

அப்பறம் அந்தக் குழந்தைங்க ஹூடி. அதுல மொதக் கேள்வியே எந்த வயசுக்குன்னுதான் இருக்கோணும். ஐரோப்பால இஎன் 14682ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்குது, 7 வயசுக்குள்ள பிள்ளைங்க துணில ஹூட்லயும் கழுத்துகிட்டயும் கயிறே வரக்கூடாது, வெளையாடுறப்ப சறுக்குல எதுலயாவது மாட்டி கழுத்த இறுக்கிருமுன்னு. டிசைனர் அழகுக்குக் கயிறு வரைஞ்சிருப்பாங்க, 4 வயசுலருந்து 12 வயசு வரைக்கும் ஒரே ஸ்கெட்ச்தான் இருக்கும். சின்ன சைஸுக்கும் இந்தக் கயிறு வருதான்னு நீ கேட்டீன்னா போதும், அதுக்கப்பறம் அவங்க உன்கிட்ட பேசுற விதமே மாறிரும்.

எனக்குப் புடிச்ச கேள்வி ஒண்ணு இருக்குது. போன சீசன்ல இதே ஸ்டைல்ல என்ன கம்ப்ளைண்ட் வந்துச்சு? கேட்டுட்டு சும்மா இரு. நெக் ரிப் (கழுத்துப் பட்டி) தொளதொளன்னு ஆயிருச்சு, பிரிண்ட் வெடிச்சிருச்சு, லேபிள் குத்துதுன்னு பிள்ளை கழட்டி எறியுதுன்னு ஒவ்வொண்ணா வரும், எந்தப் பேப்பர்லயும் இருக்காது இதெல்லாம். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா பையர் ஒரு நிமிசம் யோசிச்சாலே பதறிப்போயி வேணும்னா 10 சென்ட் கொறச்சுக்கறோம்னு வாய விட்டுர்றாங்க, பாத்தா எனக்கு வயிறு எரியும். அவங்க யோசிக்கட்டும், நீ நோட்ல எழுதிட்டு இரு. ரேட் ஜாஸ்தின்னு சொன்னாலும் உடனே எறங்காத, எந்தத் துணி, எந்த பிரிண்ட்டோட வச்சுப் பாக்கறீங்கன்னு பொறுமையா கேளு. பாதி நேரம் அவங்க கையில இருக்கறது கம்மி ஜிஎஸ்எம் ரேட்டா இருக்கும்.

டெலிவரி தேதி சொன்னாங்கன்னா அது ஃபேக்டரிலருந்து கிளம்புற தேதியா, கப்பல் ஏத்துற தேதியா, அவங்க குடோனுக்கு வந்து சேர்ற தேதியான்னு தெளிவா கேட்டுக்கோணும். செங்கடல்ல பிரச்சனை ஆரம்பிச்ச 2023 கடைசிலருந்து நெறைய கப்பல் ஆப்பிரிக்காவச் சுத்தித்தான் போச்சு, அதுலயே ஒரு பத்து நாளுக்கு மேல போயிரும், கணக்கு தப்பிச்சுன்னா ஏர்ல அனுப்பற செலவு நம்ம தலைலதான்.

அன்னைக்கு சாயந்திரமே, பேசுனது எல்லாத்தையும் எழுதி நான் புரிஞ்சுகிட்டது சரிதானான்னு அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுரு, காத்தால பாத்துக்கலாம்னு விடாத. சாப்பிடாம மீட்டிங்குக்குப் போகாத சாமி, முடிஞ்சதும் கூப்பிடு.

அப்பா