அளவு ஜாக்கெட்

டெய்லர் பாய்க்கு,

வணக்கம். உங்கள் மகன் இதைப் போனில் படித்துக் காட்டுவான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேரில் வந்தால் மெஷினை நிறுத்தாமலே "நாளைக்கு வாங்க தங்கச்சி" என்பீர்கள். நானும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்த வாரத்தில் மட்டும் அப்படி மூன்று நாளை போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு நாள். உங்களிடம் கிடப்பது என் ஜாக்கெட் இரண்டு, மகளின் பாவாடை சட்டை, அம்மாவின் ஜாக்கெட் ஒன்று. வீட்டுக்காரரும் மகனும் ரெடிமேடுக்கு மாறி நாலு வருஷம் ஆகிறது. அதில் உங்களுக்கு என்மேல் வருத்தம் என்று தெரியும். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மகள் மட்டும் நம் பக்கம். கோவிலில் திருவருகைக் காலத்து மூன்றாவது ஞாயிறு ஏற்றுவார்களே ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி, அதே நிறம்தான் வேண்டும் என்று விளக்குத்தூண் கடைகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்க வைத்தாள். அந்தத் துணிதான் உங்கள் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. நான் பார்த்தேன், இன்னும் வெட்டவே இல்லை.

வீட்டில் நிலைமை இதுதான். மார்கழி பிறந்ததிலிருந்து எனக்கு அலாரம் தேவைப்படவில்லை. தெருமுனைக் கோவில் ஸ்பீக்கர் அஞ்சு மணிக்கே எழுப்பிவிடுகிறது. மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம், கொட்டாங்குச்சிகளில் மண்ணை நிரப்பிக் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்தாள். குடிலுக்குப் புல் வேண்டுமாம். திட்டினேன். "இன்னைக்குப் போட்டாத்தான்மா இருபத்துநாலுக்கு விரல் உசரம் வரும்" என்றாள். அந்தக் கணக்கெல்லாம் சரியாக வருகிறது.

வீட்டுக்காரர் பரணிலிருந்து ஸ்டாரை இறக்கினார். ஒரு முனையை எலி தின்றிருந்தது. தெரு முழுக்க எல்.இ.டி. ஸ்டார் மின்னும்போது இவர் மட்டும் காகித ஸ்டாரை விடமாட்டார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அந்த முனையில் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ராத்திரி பல்பு போட்டால் அந்த முனையில் மட்டும் ராகு காலம் தெரிகிறது. கீத பவனி வந்த பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்ததில் பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

போன ஞாயிறு அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினோம். வழக்கமாக அம்மாதான் பதம் பார்ப்பாள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டி, சரியாக இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டியை இறக்கிவிடுவாள். இந்த வருஷம் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இறக்குடி, இறக்குடி" என்றாள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நான் நின்றேன். பாகு முறுகிவிட்டது. பால் தெளித்துப் பிசைந்து சமாளித்திருக்கிறேன். உங்களுக்கு வரும் அதிரசம் கொஞ்சம் கடினமாக இருந்தால் டீயில் நனைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

துணி கொடுத்த அன்றைக்கு அம்மாவுடையதோடு போன வருஷத்து ஜாக்கெட்டையும் அளவுக்குக் கொடுத்தேன். நீங்கள் அதை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள். "இது ஆகாது. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தள்ளிப்போட இதுவும் ஒரு வழி என்று நினைத்தேன். உங்களிடம் கேட்கவும் கேட்டேன். நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ரேஷன் கடை வரிசையில பார்த்தேன் தங்கச்சி. தோள்ல ஜாக்கெட் நிக்கல" என்றீர்கள்.

ஆடியில் காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்புறம் எழுந்து நடமாடினாள், சாப்பிட்டாள், என்னை ஏசினாள். சரியாகிவிட்டது என்றுதான் இருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் துணியைத் துவைத்துக் காயப்போட்டும் எனக்குத் தெரியாதது ரேஷன் கடை வரிசையில் நின்ற உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டி வந்தேன். உங்கள் வீட்டம்மா இஞ்சு டேப் பிடித்துச் சொல்லச் சொல்ல நீங்கள் நோட்டில் எழுதினீர்கள். மேலே போன வருஷத்துக் கணக்கு 36. கீழே 32. அம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. உங்கள் அத்தா மீனாட்சி கோவிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூண் சிற்பத்துக்குக் கீழே மெஷின் போட்டிருந்த காலத்துக்குப் போய்விட்டாள். யாளிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டை வரிசையாகத் தொங்கும், தன் கல்யாண ஜாக்கெட்டே அங்கே தைத்ததுதான் என்று உங்கள் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளைத்தான் பார்த்திருப்பான் போல, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில் நீங்கள் என்னிடம் மெதுவாக, "உள்ளே துணி விட்டுத் தைக்கிறேன். தை மாசத்துக்கு உடம்பு தேறிடும். பிரிச்சு விட்டுக்கலாம்" என்றீர்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். மல்லிகைக்குப் பனி ஆகாது. மொட்டு குறைந்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. இந்த வருஷம் மகள் தலைக்குக் கனகாம்பரம்தான். அதனால் பாவாடையையாவது காலத்தில் முடித்துக் கொடுங்கள். என் ஜாக்கெட் முடியாவிட்டால் பரவாயில்லை, போன வருஷத்துச் சேலை இருக்கிறது. பிரியாணி வழக்கம்போலப் பண்டிகை அன்று மதியம் வரும். கறி உங்கள் தெரு பாய் கடையில் வாங்குவதுதான், அதனால் யோசிக்க வேண்டாம். நீங்கள் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சித் தூக்குவாளியும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அம்மாவுடையது மட்டும் 23ஆம் தேதி சாயங்காலம் வேண்டும். நடுச்சாமப் பூசைக்கு அதைத்தான் போடுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். கொக்கி வைக்க நேரமில்லை என்றால் அப்படியே கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். நீங்களே வைப்பதாக இருந்தால் பெரிய கொக்கியாகப் பார்த்து வையுங்கள். அம்மாவுக்கு விரல் நடுங்குகிறது. நேற்றுதான் கவனித்தேன்.

இப்படிக்கு,
தங்கச்சி