பழைய படங்கள், பத்திரங்கள்: எங்கே, எப்படி ஏற்றுவது

சொந்தங்களுக்கு வணக்கம். தாத்தா காலத்துப் படங்கள், பினாங்குக் கடிதங்கள், கிரயப் பத்திர நகல்கள் எல்லாவற்றுக்கும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்திருக்கிறேன். லிங்க் தனியாக வரும்.

படங்களை இந்தக் குழுவில் சாதாரணமாகப் போட வேண்டாம். வாட்ஸ்அப் சுருக்கிவிடும், பத்திரத்தின் பொடி எழுத்து மங்கிப்போகும். ஏற்றத் தெரியாதவர்கள் எனக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். பெரிய அத்தை கல்யாணப் படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் ஊர்ப்பெயரும் இருக்கின்றன, நமக்கு அதுதான் முக்கியம். ஃபைல் பெயரில் ஆண்டு, ஊர், ஆள் மூன்றும் வேண்டும். இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பா பெயரை முழுசாக எழுதுங்கள். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நம் வீட்டில், எந்த ஆறுமுகம் என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாக வம்சாவளி ஏற்றலாம் என்கிறார் சின்ன மாமா. சரி, ஏற்றலாம். ஆனால் அங்கே மறைந்தவர்களின் விவரங்களை மற்றவர்களும் திருத்த முடியும். அதனால் வம்சாவளியின் மூலப் பிரதி ஜெட்காம் (GEDCOM, வம்சாவளி மென்பொருள்கள் பொதுவாகப் படிக்கும் கோப்பு வகை) கோப்பாக நம்மிடமே இருக்கட்டும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார் நகல் எதையும் பொதுவில் போடாதீர்கள்.

2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். எனவே ஒரு நகல் பெரியண்ணன் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கும்.

சித்தப்பாவின் டிரங்குப் பெட்டிக் கடிதங்களை இந்த ஞாயிறு ஸ்கேன் செய்ய யார் வருகிறீர்கள்? இங்கேயே சொல்லுங்கள்.