செல்வராஜுக்கு, கோவையிலிருந்து

அன்புள்ள செல்வராஜ்,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். சரோஜாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மூக்கையன் மகள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று அவன் இன்னும் கோபத்தில் இருக்கிறான், அதை நீயே பேசித் தீர்த்துக்கொள்.

எழுத வந்த விஷயம் பேத்தி கயலின் பந்தயத் துப்பாக்கி. போன முறை லைசென்ஸ் எடுத்தாயா என்று கேட்டிருந்தாய். இது காற்றுத் துப்பாக்கி, 4.5 மில்லிமீட்டர் குண்டு. 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குல அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. பந்தயத் துப்பாக்கியின் ஆற்றல் அதில் பாதிகூட இல்லை. பழையதுதான் வாங்கினோம், ஆனால் ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃபில் செய்தது. மவுசர் துப்பாக்கி பிறந்த ஊர் என்றால் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைச் செய்த கம்பெனியைத் தொடங்கியவர்களே மவுசரிலிருந்து வெளியே வந்த இன்ஜினியர்கள்தானாம்.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுடையது.

போன மாதம் போட்டி. முதல் நாள் ராத்திரி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் இருந்த ஆலன் கீ (ஆறுபட்டைச் சாவி) செட்டில் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து கிடக்கும். பேரல் பகுதியை, தோளில் அணைக்கும் கட்டையான ஸ்டாக்கோடு பிடித்திருக்கும் திருகுக்கு 5 மில்லிமீட்டர் சாவி வேண்டும். கைக்கு வந்தது 3/16 அங்குலம். அதாவது 4.76. உள்ளே போனது, கொஞ்சம் ஆடியது, சரி என்று விட்டுவிட்டேன். போதாததற்கு அது நுனி உருண்டையாக இருக்கும் சாவி. ஒரு அழுத்து அழுத்தினேன், வழுக்கியது. இன்னொரு அழுத்து. திருகின் தலைக்குள் இருந்த ஆறு மூலையும் மழுங்கிப்போனது. கையில் இறுகிய மாதிரிதான் இருந்தது. நன்றாக இறுகிவிட்டது என்று நம்பிப் பெட்டியை மூடினேன்.

மறுநாள் 60 குண்டு, 75 நிமிடம். எப்போதும் 610 புள்ளியை ஒட்டிச் சுடுகிற பெண் 589-ல் வந்து நின்றாள். ஒன்று 10.4-க்குப் போகும், அடுத்தது 9.3-க்கு, அதுவும் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை மேலே. வண்டியில் திரும்பும்போது வாயே திறக்கவில்லை. பொள்ளாச்சி ரோடு தாண்டியதும் சொன்னாள்: "மூச்சை நான்தான் தப்பா விட்டுட்டேன் தாத்தா, எனக்கு இது வராது." பதினாலு வயது. ராத்திரி வீட்டில் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தேன். பேரலை ஒரு கையிலும் ஸ்டாக்கை ஒரு கையிலும் பிடித்து லேசாக அசைத்தால், இணைப்பில் ஒரு மயிரிழை ஆட்டம். அதுதான். அந்தப் பிள்ளை மூச்சில் ஒரு தப்பும் இல்லை.

உடனே போய் எழுப்பிச் சொன்னேன். சரோஜா சத்தம் போட்டாள், காலையில் சொல்லக்கூடாதா என்று. தப்பு தன்னுடையது என்ற எண்ணத்தோடு கயல் விடியும்வரை படுத்துக் கிடக்கக்கூடாது என்று தோன்றியது.

அந்த மயிரிழை எவ்வளவு செய்யும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கியின் மேல் குறிபார்க்க இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவில் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். இலக்கு 10 மீட்டரில். குண்டு கிளம்பும் நொடியில் பேரல் ஆடி, ஒரு குறி இருக்கும் முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் அட்டையில் 1.25 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பத்துக்கான நடுப்பொட்டே அரை மில்லிமீட்டர் அகலம்தான். ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி குறையும். ஆக ஒரு குண்டுக்கு அரைப் புள்ளி. இது ஒரே பக்கம் தள்ளினால் குறியைத் திருத்திக்கொள்ளலாம். ஆடுகிற திருகு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் தள்ளும். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த இறுதிச் சுற்றுக்கு முன் குறி மாறிப்போய் சோதனைக் குண்டு 4-க்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் நிதானம் இருந்தது. பதினாலு வயதில் யாருக்கு இருக்கும்?

மழுங்கிய திருகைக் கழற்ற லேத் பட்டறை தம்பி உன் பழைய வித்தையைத்தான் செய்தான். ஒரு சைஸ் பெரிய நட்சத்திர பிட்டை உள்ளே வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருப்பினான். நல்லவேளை, மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம் டவுன்ஹால் பக்கம் இரண்டு நாள் அலைந்து துப்பாக்கிக்கென்று தனிப் பெட்டி சேர்த்துவிட்டேன். நீ பார்த்தால் இவ்வளவுதானா என்பாய். 2, 2.5, 3, 4, 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, நுனி தட்டையானது, ஒவ்வொன்றும் தனியாக, நல்ல எஃகில். உருண்டை நுனி வேகமாகச் சுழற்றிக் கழற்றத்தான், கடைசி இறுக்கத்துக்கு அதை எடுக்கக்கூடாது என்று இப்போது தெரிகிறது. அங்குலச் சாவிகளைக் கட்டி பரண்மேல் போட்டுவிட்டேன். அப்புறம் இறுக்கத்தை அளந்து சொல்லும் ஒரு சின்ன டார்க் ரெஞ்ச். கார் சக்கரத்துக்கான பெரியது இதற்கு உதவாது. கார்பன் சைக்கிள் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் சிறியதுதான் சரி. கையேட்டில் போட்டிருக்கும் எண்ணுக்கு வைத்துத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அங்கே கையை நிறுத்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்கிறேன், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் களைத்துப்போகும். பெட்டியில் அதிக விலை இதற்குத்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இன்னொன்று, நீ சண்டைக்கு வருவாய். எதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் என்பாயே, அது இங்கே ஆகாது! நீ வேலை பார்த்த ஃபேக்டரித் துப்பாக்கியில் வெடிமருந்துக் கரி படியும், அதற்குப் பித்தளை பிரஷ்ஷும் எண்ணெயும் வேண்டும். இதில் கரியே கிடையாது, கொஞ்சம் ஈயத்தூள் மட்டும். ஃபெல்ட் துண்டைக் கயிற்றில் கோத்து, குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுத்தால் போதும். தையல் மிஷின் எண்ணெய் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கவே வாய்ப்பு உண்டு. காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்துக்கு (ஓ-ரிங்) சிலிக்கான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் மினுங்கும் அளவு. வேலை தொடங்குமுன் காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பேரலில் குண்டு இல்லை என்று கயல் பார்த்து, நான் பார்த்து, பேரல் காலி என்று காட்ட ஆரஞ்சு நைலான் கயிற்றை உள்ளே விட்டுவிடுகிறோம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் சமையலறைப் பக்கம் போகக்கூடாது.

சிலிண்டரை மட்டும் கையால்தான் மாட்ட வேண்டும், எந்தச் சாவியும் அதன் பக்கம் வரக்கூடாது. கழற்றும்போதுதான் அதன்மேல் குத்தியிருந்த வருஷம் கண்ணில் பட்டது. பத்து வருஷம்தான் ஆயுள், அது முடிந்துபோயிருந்தது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குழந்தை முகத்துக்குச் சற்று முன்னால் 200 பார் காற்று, செல்வராஜ்! அன்றைக்கே காற்றை இறக்கி ஓரம் வைத்துவிட்டேன், புதியது சொல்லியிருக்கிறேன். அதுவரை கிளப் துப்பாக்கியில் சுடுகிறாள்.

பங்குனியில் நீ இங்கே ஒரு வாரம் வந்து இருக்க வேண்டும். கயல் 'திருச்சித் தாத்தா எப்ப வருவார்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். புதுத் திருகை உன் கண் முன்னால் அவளே இறுக்கட்டும். அதற்குமுன் ஒன்று கேட்க வேண்டும். ரெஞ்ச் காட்டும் எண் சரிதானா என்று பார்க்க, அதன் தலையை வைஸில் பிடித்து, படுக்கை வாட்டத்தில் கைப்பிடியில் 20 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டேன். 4 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும் என்பது என் கணக்கு. கைப்பிடியின் எடையையும் சேர்க்க வேண்டுமா? பதிலில் எழுது.

உன்
மாணிக்கம்