பத்து அறைக்குப் பதினொரு புக்கிங்

திருகோணமலை,
ஆடி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து கிடக்கிறது, பதில் போடத்தான் பிந்திவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, மத்தியானத்தில் வெளியே கால் வைக்க முடியாது, பின்னேரம் மட்டும் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடக்கிறேன். மான்கள் இப்போது எங்கள் வேலிக்குள்ளும் வந்துவிடுகின்றன. மனைவி ஆசையாக வைத்த செவ்வரத்தை எல்லாம் காலி. அவள் மானையும் பேசுகிறாள், கேட்டைப் பூட்டவில்லை என்று என்னையும் பேசுகிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நிலாவெளியில் உன் விடுதியில் பத்து அறை. புக் பண்ணுகிற பத்துப் பேரில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுகிறார். அதனால் பதினொரு புக்கிங் எடுத்தால் என்ன என்று உன் மனைவியின் தம்பி கேட்கிறார். பதினொன்றை 0.9ஆல் பெருக்கினால் 9.9, அது பத்து அறைக்குள் அடங்குகிறது, பிறகென்ன பயம் என்பது அவர் கணக்கு. பெருக்கல் சரிதான். ஆனால் 9.9 பேர் ஒருநாளும் வந்து இறங்கப் போவதில்லை மச்சான். ஓர் இரவு பதினொரு பேரும் வருவார்கள், இன்னோர் இரவு எட்டுப் பேர்தான் வருவார்கள். எந்த எண் எவ்வளவு அடிக்கடி வரும் என்ற முழுப் பட்டியலும் உனக்கு வேண்டும், சராசரி மட்டும் காணாது. அந்தப் பட்டியல்தான் நிகழ்தகவுப் பரம்பல்.

போட்டுப் பார்ப்போம். ஒருவர் வருவதற்கான நிகழ்தகவு 0.9 என்று வை. ஒருவர் வருவதும் வராததும் மற்றவரைப் பாதிக்காது என்றும் வை. (வில்லங்கமே இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது, பிறகு வருகிறேன்.) பதினொரு பேரும் வருவதற்கு 0.9ஐப் பதினொரு தரம் பெருக்கு, 0.314 வரும். சரியாகப் பத்துப் பேர் வருவதென்றால், வராத அந்த ஒருவர் பதினொருவரில் யாராகவும் இருக்கலாம், ஆகவே 0.9ஐப் பத்துத் தரம் பெருக்கி, 0.1ஆல் பெருக்கி, பிறகு 11ஆலும் பெருக்க வேண்டும்: 0.384. ஒன்பது பேருக்கு 0.213, எட்டுப் பேருக்கு 0.071, அதற்குக் கீழே எல்லாம் சேர்த்தும் 0.019தான். எல்லாவற்றையும் கூட்டினால் 1 வரவேண்டும், கொஞ்சம் கூடக்குறைய வந்தால் அது தசமத்தை மட்டந்தட்டியதால். இதைத்தான் ஈருறுப்புப் பரம்பல் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஈருறுப்பு விரிவு என்று நாம் உருப்போட்டோமே, அதே குணகங்கள்தான்.

முதல் எண்ணைப் பார். 0.314 என்றால் ஏறக்குறைய மூன்று இரவுக்கு ஓர் இரவு, பயணப் பையோடு ஒரு குடும்பம் உன் வாசலில் நிற்கும், கொடுக்க அறை இருக்காது. இனிக் காசைப் பார்ப்போம். பதினோராவது புக்கிங்கால் உனக்கு லாபம் வருவது, முதல் பத்துப் பேரில் யாராவது வராமல் விட்டு, இந்த ஆள் வந்தால் மட்டும்தான். அவர் வருவதற்கான 0.9இலிருந்து பதினொருவரும் வருவதற்கான 0.314ஐக் கழி, அதற்கான நிகழ்தகவு 0.586. நட்டம் வருவதற்கு 0.314. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.87. ஆக, ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதால் வரும் செலவு, அதாவது வேறு இடம் பிடித்துக் கொடுப்பது, வான் கூலி, பிறகு இணையத்தில் அவர்கள் எழுதப்போகிற வசவு எல்லாம் சேர்த்து, ஓர் இரவு அறை வாடகையின் 1.87 மடங்கைத் தாண்டினால் இந்த வியாபாரம் வேண்டாம். வசவுக்கு என்ன விலை போடுவது என்று என்னிடம் கேட்காதே. சீசன் நேரத்தில் நிலாவெளியில் இரவு எட்டு மணிக்கு வேறு அறை தேடிப் பார்த்தவனுக்கு அந்த விலை தெரியும்.

1654இல் பஸ்கால், பேர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்கள் கடிதம் எழுதி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதும் காசைப் பற்றித்தான். ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? இதுவரை யார் எத்தனை வென்றார் என்பதை வைத்துப் பிரிக்காமல், ஆட்டம் தொடர்ந்திருந்தால் எத்தனை விதமாக முடிந்திருக்கலாம் என்று எண்ணிப் பிரித்தார்கள். மேலே நான் உனக்குப் போட்ட கணக்கின் வேர் அங்கேதான்.

இனி அந்த வில்லங்கம். உன்னிடம் வருகிறவர்கள் பதினொரு தனித்தனி ஆட்களா? கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரே வானில் வருகிற ஒரே குடும்பம் ஐந்து அறை எடுக்கிறது. பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து அறையும் ஒன்றாகப் போய்விடும். பதினொரு புக்கிங்கில் ஐந்து இப்படி ஒரு கூட்டம், மிச்சம் ஆறு தனி என்று வைத்தால், முடிவெடுப்பவர்கள் ஏழே பேர்தான். பதினொன்றும் வருவதற்கான நிகழ்தகவு 0.9ஐ ஏழு தரம் பெருக்கியது, அதாவது 0.478. மூன்றில் ஒன்றாக இருந்தது பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது. மறுபக்கம், ஆறு அறை அல்லது அதற்கும் குறைவாக நிரம்புவது முன்பு ஆயிரத்தில் மூன்றுகூட இல்லை, இப்போது பத்தில் ஒன்று. இவ்வளவும் நடந்த பிறகும் சராசரி அதே 9.9தான், அசையவே இல்லை! நியம விலகல், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, அது மட்டும் ஏறக்குறைய 1 ஆக இருந்தது 1.67 ஆகிவிட்டது. உன் மனைவியின் தம்பிக்கு வேறெதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்.

மார்கழிப் பக்கம் போனால் இன்னும் மோசம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது நினைவிருக்கும். அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் எல்லாப் புக்கிங்கும் ஒரே முடிவுதான். ஈருறுப்புப் பரம்பல் அங்கே செல்லாது, ஏனென்றால் வானிலை எல்லாருக்கும் பொது.

அப்புறம் அந்தப் பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது? முப்பது புக்கிங்கில் மூன்று பேர் வரவில்லை என்று எழுதியிருந்தாய். முப்பது போதாது மச்சான். உண்மையான பங்கு நூற்றுக்கு ஐந்தாகவும் இருக்கலாம், பதினெட்டாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் முப்பதில் மூன்று வருவது பெரிய அதிசயமில்லை. நூற்றுக்கு இரண்டு முன்பின்னாகச் சொல்ல வேண்டுமென்றால் 900 புக்கிங் அளவில் தேவை. எண்ணிக்கை கூடக்கூட, கண்ட பங்கு உண்மைப் பங்கை நெருங்கும் என்று யாக்கோப் பெர்னூலி என்ற சுவிஸ் கணிதர் நிறுவினார், 1713இல், அவர் இறந்து எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த நூல் அச்சில் வந்தது. ஆனால் ஆட்கள் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். 'போன கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள், இந்தக் கிழமை கட்டாயம் யாரோ வரமாட்டார்கள்' என்று உன் ஆள் சொல்கிறார் அல்லவா, பெர்னூலி அப்படிச் சொல்லவில்லை. போன கிழமையின் கடனை இந்தக் கிழமை வந்து தீர்க்காது. பின்னால் வருகிற நூற்றுக்கணக்கான புக்கிங்குக்குள் அது கரைந்து போகும், அவ்வளவுதான்.

புக் பண்ணாமல் நேரே வருகிறவர்கள் இரவுக்குச் சராசரி இரண்டு என்றாய். அதற்கு வேறு பரம்பல், புவசோன் என்ற பிரெஞ்சுக் கணிதருடையது; சராசரி மட்டும் தெரிந்தால், எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கு அது பட்டியல் தரும். அப்படியானால் ஒருவரும் வராத இரவு 0.135, ஐந்தும் அதற்கு மேலும் வருகிற இரவு 0.053. அரிதான, ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கு இது அசந்துபோகும்படி பொருந்தும். போர்ட்கேவிச் என்பவர் 1898இல் பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்தவர்களை எண்ணினார்: பத்துப் படைப்பிரிவு, 20 வருடம், 122 சாவு. ஒரு பிரிவுக்கு ஒரு வருடம் ஒரு பதிவு என்று எடுத்த 200 பதிவில் 109இல் ஒரு சாவும் இல்லை, சூத்திரம் சொன்னது 108.7. குதிரைகள் பேசிவைத்து உதைக்கவில்லை, அதனால் சரிவந்தது. உன் ஆட்களுக்கோ போயா என்கிற பௌர்ணமி லீவு இருக்கிறது, கோணேசர் கோயில் திருவிழா இருக்கிறது, அந்த நாட்களைத் தனியே எடுத்துவைத்துத்தான் எண்ண வேண்டும்.

உன் மகள் கேட்ட செவ்வன் பரம்பல், அந்த மணி வடிவ வளைவு, உனக்கு இப்போது தேவையில்லை. 1733இல் த முவாவர் அதைக் கண்டதே ஈருறுப்புக் கணக்கு பெரிதாகும்போது கை வலிக்காமல் இருக்கத்தான், பத்து அறைக்குக் கல்குலேட்டர் போதும். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம் கேட்டால், பதினோராவதை எடுக்காதே. மூன்று அறைக்கு மேல் எடுக்கிற கூட்டத்திடம் பாதி முற்பணம் வாங்கு. நட்டம் வருகிற இடம் அதுதான். புக்கிங் கொப்பியில் எந்தெந்த அறை ஒரே வான் என்று குறித்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, நான் திரும்பவும் போட்டுப் பார்க்கிறேன். ஆவணியில் தங்கச்சி மகளின் கல்யாணம், உவர்மலையில்தான். குடும்பத்தோடு வருகிறாயா இல்லையா என்று இப்போதே சொல், சாப்பாட்டுக்காரன் தலை எண்ணிக்கை கேட்கிறான்.

உன் பழைய கூட்டாளி