ஆஃப் நாளிலும் அடிக்கும் போன்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வார்டு பொறுப்புச் செவிலியர்களுக்காக நீங்கள் நடத்திய மன அழுத்த வகுப்புக்கு நான் வரவில்லை. காரணம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. இந்த மடலையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று எனக்கு ஆஃப். (வகுப்பை அன்றைக்கு வைத்தது யார் யோசனை என்று கேட்கமாட்டேன்.) முந்தின இரவு ஒன்பதரைக்குப் போன். நைட் டூட்டி சிஸ்டருக்குக் காய்ச்சல், வரமுடியாது. "எத்தனை டிகிரி?" என்று கேட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பொய் சொல்கிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது. இருபது வருடத்துக்கு முன்னால் இப்படிக் கேட்கிறவளாக நான் வேலையில் சேரவில்லை.

அப்புறம் ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவர் அன்றுதான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனவர். இன்னொருவர், என் பெயரைப் பார்த்தோ என்னவோ, எடுக்கவேயில்லை. "எனக்கும் வீடு இருக்குல்ல சிஸ்டர்?" என்றார் மூன்றாமவர். ஏழு பேரைக் கேட்டுவிட்டு நானே சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காலையில் ஹேண்ட்ஓவர் கொடுத்து வந்து படுத்தவளை எழுப்பியது வகுப்புக்கு நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்தான்.

நான் கேட்பது ஒன்றே. இரவிலும் எங்கள் ஆஃப் நாளிலும் மாற்று ஆள் தேடும் வேலையை, அந்நேரம் பணியில் இருக்கும் ஒரு மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். கூடுதல் ஆளை அழைக்கும் அதிகாரத்தோடு கொடுங்கள்.

அதிகாரம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆள் குறைந்தால் கேள்வி எனக்கு. ஓவர்டைம் கூடினால் மெமோவும் எனக்கு. ஆனால் ஓவர்டைமுக்கு ஒப்புதல் தர எனக்கு உரிமை இல்லை. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' என்பதை, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவதை, நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. பணியிடம் என்பது நீங்கள் நடத்துவது. நான் மூச்சை இழுத்து விட்டால் ரோஸ்டரில் காலியிடம் நிரம்பாது. 1983இல் அமெரிக்காவில், செவிலியர்கள் விட்டுப்போகாமல் நிலைக்கும் 41 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். வேலை பார்ப்பவர்களையும் கலந்துகொண்டு முடிவெடுக்கும் நிர்வாகம் அங்கே இருந்தது. இங்கே மே 12, செவிலியர் தினம், வந்தால் எங்களைத் தேவதைகள் என்கிறீர்கள். தேவதைகளுக்குத் தூக்கம் எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

சரி, கோபம் எழுத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாத ரோஸ்டர் போட இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் அந்த மேற்பார்வையாளரை தயவுசெய்து நியமியுங்கள். வார்டு பலகையில் என் எண் இருக்கும் இடத்தில் அவர் எண்ணை நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வார்டு பொறுப்புச் செவிலியர் ஒருவர்